காவல் பரணிலிருந்து கணினித் திரைக்கு: உங்கள் ரசனையை வைத்து முதல் விளையாட்டைச் செய்வதற்கான முழுமையான வழிகாட்டி

கணினி விளையாட்டு வடிவமைப்புப் படிக்கிறவர்களுக்கும் படிக்கப்போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். வன்னியில் "விளையாட்டுப் படிக்கிறேன்" என்று சொன்னால் "கரப்பந்தா, உதைபந்தா?" என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லிக் களைத்தவர்களுக்கும் சேர்த்துத்தான்.

கிளிநொச்சியில் மாலை வகுப்பு எடுக்கிறேன். முதல் விளையாட்டைப் பாதியில் கைவிட்டவர்களைப் போதுமான அளவு பார்த்துவிட்டேன். அவர்களில் நிரல் எழுதத் தெரியாமல் நின்றவர்கள் குறைவு. தமக்கு எது உண்மையில் பிடிக்கிறது என்று தெரியாமலே கணினியைத் திறந்தவர்கள்தான் அதிகம். ஆகவே இந்த வழிகாட்டியில் கணினி ஏழாவது படியில்தான் வருகிறது. வரிசையை மாற்றாதீர்கள்.

முன்கூட்டியே தேவையானவை

80 பக்கக் கொப்பி ஒன்று, பென்சில், பழைய காட்போட் மட்டை, ஒரு கைப்பிடி புளியங்கொட்டை, தாயக்கட்டை அல்லது சோகி. கூடவே, உங்களோடு உட்கார்ந்து விளையாடச் சம்மதிக்கும் ஒருவர். கொப்பிக்கு இரண்டு வாரமும் மட்டைக்கு ஒரு வாரமும் ஒதுக்குங்கள். மடிக்கணினி இல்லாதவர்கள் ஆறாம் படிவரை ஒருவரிடமும் கடன் கேட்காமல் போகலாம்.

பென்சில்தான், பேனை வேண்டாம். பேனையால் எழுதியதை அழிக்க மனம் வருவதில்லை. இந்த வேலையில் பாதி அழிப்பதுதான்.

1. பட்டியல் போடாதீர்கள், நாட்குறிப்பு எழுதுங்கள்

"உனக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டால் எல்லோரும் பெயர்ப் பட்டியல் தருவார்கள். வேலை விண்ணப்பத்தில் 'பொழுதுபோக்குகள்' என்ற கோட்டை நிரப்பும் அதே பழக்கம்: வாசிப்பு, இசை கேட்டல், கிரிக்கெட். இந்தப் பட்டியலை வைத்து ஒரு தாயக்கட்டம்கூட வரைய முடியாது.

அதற்குப் பதிலாகப் பதினான்கு நாள், படுக்கப்போகுமுன், நான்கு விடயங்களை எழுதுங்கள். இன்று யாரும் சொல்லாமல் நானாகச் செய்தது, வாசித்தது, பார்த்தது, ஆடியது எது? எவ்வளவு நேரம்? எந்த இடத்தில் விட்டு எழும்ப மனம் வரவில்லை? எந்த இடத்தில் அலுத்து விட்டேன்?

கடைசி இரண்டு கேள்விகளுக்காகத்தான் முதல் இரண்டும். ஒரு நாவலை முந்நூறு பக்கம் வாசித்திருப்பீர்கள். உங்களைப் பிடித்து வைத்தது அதில் வந்த ஒரு கடிதமாக இருக்கலாம். பட்டியலில் நாவலின் பெயர் மட்டும் நிற்கும். கடிதம் காணாமல் போய்விடும்.

என் வகுப்பில் முத்தையன்கட்டுப் பக்கத்துப் பையன் ஒருவன் இருந்தான். முதல் நாள் அவன் தந்த பட்டியல்: சுடும் விளையாட்டு இரண்டு, கிரிக்கெட், வாசிப்பு. பதினான்கு நாள் கழித்துக் கொப்பியைப் பார்த்தால், சுடும் விளையாட்டு இரண்டே நாளில்தான் வந்திருந்தது. கரம் பலகை ஆட்டம் ஒன்பது நாள். பழைய புத்தகக் கடையில் வாங்கிய துப்பறியும் கதைகளைப் பாதியில் மூடிவிட்டு, குற்றவாளி யாரென்று பின்னட்டையில் பென்சிலால் எழுதி வைத்த பிறகுதான் மீதியை வாசிப்பான் என்பதும் கொப்பியில் இருந்தது. வகுப்பில் ஒருநாளும் சொன்னதில்லை.

*பொதுவான பிழை:* பதினான்கு நாள் குறிப்பையும் பதின்மூன்றாம் நாள் இரவில் ஒரே மூச்சில் எழுதுவது. எழுத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பென்சில் கூர் ஒரே மாதிரி இருக்கும்.

2. வெட்கப்பட்டு விட்டதை எழுதிச் சேருங்கள்

பதினான்கு நாள் முடிந்ததும் கொப்பியைத் திருப்பிப் பாருங்கள். உங்கள் நாளில் இருந்தும் கொப்பியில் இல்லாதது ஏதாவது இருக்கும். அம்மம்மாவோடு ஆடிய தாயம், திருவிழாவில் விடிய விடியப் பார்த்த கூத்து, தொலைக்காட்சித் தொடர், மீன்பிடி. "இதையெல்லாம் போய் எழுதுவதா" என்று விட்டிருப்பீர்கள்.

அந்தப் பையனின் கொப்பியில் மூன்று இரவுகள் வெறுமையாக இருந்தன. கேட்டேன். தை மாதம், காலபோக நெல் முற்றும் நேரம், தகப்பனோடு வயலில் காவல் பரணில் இருந்தானாம். "அது பொழுதுபோக்கு இல்லை சேர், வேலை" என்றான். பரணில் என்ன செய்வாய் என்றேன். அரை மணி நேரம் நிறுத்தாமல் பேசினான்.

நந்திக்கடல் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்ணும் அப்படித்தான். இறால் எந்த இருட்டில் படும், வலையை எங்கே போட்டால் பாசிதான் வரும் என்பதெல்லாம் விரல் நுனியில். ஆனால் அவர் கொப்பியில் இருந்தது கொரியத் தொடர் மட்டும்.

இதை வற்புறுத்துவதற்குக் காரணம், ஊர்ப்பற்று அல்ல. நுணுக்கம் தெரிந்த இடத்தில்தான் விதி எழுத முடியும். பனிமலையில் கோட்டை ஒன்று வரையச் சொன்னால் மாணவர்கள் வேறொரு விளையாட்டிலிருந்து நகல் எடுத்து வரைகிறார்கள். இரணைமடுக் குளத்தின் வான் கதவு திறக்கும் நாளை வரையச் சொன்னால், தண்ணீர் எந்தப் பக்கம் சுழலும், சனம் எங்கே நின்று பார்க்கும் என்பதுவரை வருகிறது. நகலெடுத்த இடத்தில் "இங்கே என்ன நடக்கும்?" என்று கேட்டால் பதில் இருக்காது.

எதிர்ப் பக்கத்திலும் ஒரு பிழை உண்டு. ஆசிரியருக்குப் பிடிக்கும் என்று நினைத்து, ஏறாத பரணையும் பிடிக்காத இறாலையும் எழுதி வருகிறார்கள். உங்கள் மனம் உண்மையில் விண்வெளிப் போரில்தான் நிற்கிறது என்றால் அதையே எழுதுங்கள். எந்த நொடியில் நிற்கிறது என்பதையும் சேர்த்து எழுதினால் போதும்.

3. பெயர்ச்சொல்லை வினைச்சொல்லாக்குங்கள்

முழு வழிகாட்டியிலும் கடினமான படி இதுதான். அவசரப்பட வேண்டாம்.

கொப்பியில் உள்ள ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதைச் செய்யும்போது உங்கள் கையோ மனமோ என்ன வேலை செய்தது என்று ஒரு வினையாக எழுதுங்கள். 'கரம்' என்பது விளையாட்டின் பெயர். உங்களுக்கு அதில் பிடித்தது எது? குறி பார்த்து அடிப்பதா, அல்லது எதிராளியின் காய் போகும் வழியை அடைத்து வைப்பதா? இரண்டும் இரண்டு வேறு ரசனை. இரண்டிலிருந்தும் இரண்டு வேறு விளையாட்டு வரும்.

கிளித்தட்டை எடுங்கள். ஓடுகிறவருக்கு அது ஒரு பக்கம் பொய்யாகச் சாய்ந்து மறுபக்கம் பாய்வது. மறிக்கிறவருக்கு, கோட்டை விட்டு இறங்க முடியாமல் நின்றபடி ஆளைப் படிப்பது. கிளியாக நிற்பவருக்கு மட்டும் நடுக்கோட்டில் ஓட அனுமதி உண்டு. ஆகவே அவருக்கு அது யாரை எப்போது கைவிடுவது என்று முடிவெடுப்பது. ஒரே மண்ணில் மூன்று ரசனை.

பல்லாங்குழியில் ஆளுக்கு ஏழாகப் பதினான்கு குழி. அதில் நன்றாக ஆடுகிறவர் கையால் எண்ணுவதில்லை; கொட்டையை அள்ளுமுன்பே எந்தக் குழியில் முடியும் என்று கண்ணால் எண்ணிவிடுவார். வினை: முன்கூட்டி எண்ணுவது.

காத்தவராயன் கூத்தில் கடைசியில் கழுமரம் ஏறுவது வரும் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே நித்திரை முழித்துக் காத்திருக்கிறார்கள். வினை: தெரிந்த முடிவை எதிர்பார்த்திருப்பது. முடிவை மறைத்து வைத்தால்தான் சுவாரசியம் என்று நினைக்கும் மாணவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

ஒரு கட்டுப்பாடு: 'ரசிப்பது', 'மகிழ்வது', 'அனுபவிப்பது', 'கற்பது' ஆகிய நான்கு சொற்களும் தடை. இவற்றை வைத்து எந்த விதியும் எழுத முடியாது. ஒரு நிமிடத்துக்குள் செய்து காட்டக்கூடிய வினையாக இருக்க வேண்டும்.

பையனின் பக்கம் இப்படி வந்தது. துப்பறியும் கதைக்கு எதிரே: மறைந்திருப்பவரை ஊகிப்பது. கரத்துக்கு எதிரே: எதிராளி அடுத்து எதை அடிப்பான் என்று ஊகித்து அடைப்பது. பரணுக்கு எதிரே: சத்தத்தை வைத்து யானை எங்கே நிற்கிறது என்று ஊகிப்பது. மூன்று வரிகளிலும் ஒரே சொல். அவனே அதற்குக் கீழே கோடு போட்டான்.

எல்லோருக்கும் இப்படி அழகாகப் பொருந்தாது. நான்கைந்து வினை சிதறிக் கிடந்தால் அதிகம் தடவை வந்ததை எடுங்கள். சமமாக வந்தால், அலுப்பு ஏற்பட்டதாக நீங்கள் ஒருநாளும் எழுதாததை எடுங்கள். ஒன்றை மட்டும். இரண்டு வினையை ஒட்டித் தொடங்கிய எந்த முதல் விளையாட்டும் என் வகுப்பில் முடிந்ததில்லை.

4. ஒரே வாக்கியத்தில் அடக்குங்கள்

வினை, இடம், எல்லை மூன்றும் அதில் இருக்க வேண்டும். பையனின் வாக்கியம்: "இருட்டு வயலில், சத்தத்தை மட்டும் வைத்து யானை நிற்கும் இடத்தை ஊகித்து, ஐந்து வெடிக்குள் அதைக் காட்டுக்குத் திருப்புவது."

எல்லை இல்லாத வாக்கியம் வளர்ந்துகொண்டே போகும். கமம் செய்கிற குடும்பத்துப் பிள்ளைகள் பலர் ஸ்டார்டியூ வேலி (Stardew Valley) என்ற கமம் செய்யும் கணினி விளையாட்டைக் காட்டி "இதைப்போல ஒன்று, ஒருவரே செய்ததுதானே" என்பார்கள். ஒருவரே செய்தார் என்பது சரி. 2016இல் அது வெளிவருமுன் அவர் நான்கு ஆண்டுகளுக்கு மேல் அதிலேயே இருந்தார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

5. மட்டையில் ஆடிப் பாருங்கள்

மட்டையில் ஒரு பிழையைத் திருத்தப் பத்து விநாடி, கணினியில் ஒரு பின்னேரம். கணினிக்கு முன் மட்டை வருவது அதனால்தான்.

பையன் செய்த முதல் வடிவத்தை முழுமையாகத் தருகிறேன்; நீங்களும் ஆடிப் பார்க்கலாம்.

ஆறுக்கு ஆறாக முப்பத்தாறு கட்டம். ஒரு விளிம்பு காடு. ஒருவர் யானை, மற்றவர் காவல். யானைக்காரர் காட்டு விளிம்பில் எங்காவது தொடங்கி, ஒவ்வொரு முறையும் பக்கத்துக் கட்டம் ஒன்றுக்கு நகர்ந்து, அந்த இடத்தைத் தன் கொப்பியில் மறைத்து எழுதுவார். அந்தக் கட்டத்து நெல் முடிந்தது. பிறகு கிடைவரிசை அல்லது நெடுவரிசை, இரண்டில் ஒன்றின் எண்ணை மட்டும் சொல்வார், அதுதான் சத்தம். காவல்காரர் ஒரு வேலை செய்யலாம்: அடுத்தடுத்த மூன்று கட்டத்தில் டோர்ச் லைட் அடித்து "இருக்கிறதா?" என்று கேட்பது, அல்லது ஒரு கட்டத்தில் வெடி போடுவது. வெடி யானை நிற்கும் கட்டத்திலோ அதை ஒட்டிய நான்கில் ஒன்றிலோ விழுந்தால் யானை காட்டு விளிம்புக்கு ஓடும். மூன்று முறை ஓடினால் காவல் வென்றது. பன்னிரண்டு கட்டம் தின்றால், அல்லது வெடி தீர்ந்தும் மூன்று முறை ஓடாவிட்டால், யானை வென்றது.

முதல் ஆட்டம் ஐந்தாவது முறையிலேயே முடிந்துவிட்டது. காவல்காரர் யோசிக்காமல் ஒவ்வொரு முறையும் வெடியைப் போட்டார். கணக்கு எளிது: வரிசை தெரிந்தால் ஆறு கட்டம், ஒரு வெடி அதில் மூன்றை மூடும், ஆகப் பாதிக்குப் பாதி. பூவா தலையா போடுவதும் இதுவும் ஒன்றே. டோர்ச் லைட்டை யாரும் தொடவேயில்லை. ஊகிப்பதற்காகச் செய்த விளையாட்டில் ஊகிக்க வேண்டிய தேவை இல்லை.

இந்த இடத்தில் புதியவர்கள் செய்வது: இன்னொரு யானை, ஒரு நாய், மழை, மின்சார வேலி என்று சேர்த்துக்கொண்டே போவது. சேர்க்காதீர்கள். இருக்கும் விதிகளில் ஒன்றை மாற்றி மறுபடி ஆடுங்கள். இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

என்ன மாற்றலாம் என்று கேட்டேன். அவன் யோசிக்கவே இல்லை: "சும்மா சும்மா வெடி போட்டால் யானைக்குப் பழகிவிடும் சேர்." அதுவே விதியானது. ஒரு வெடி வீண் போனால், அதன் பிறகு யானை நிற்கும் அதே கட்டத்தில் விழும் வெடிதான் பலிக்கும். பலித்ததும் பழைய விதிக்குத் திரும்பும். அன்றைக்கு அந்த ஒரு மாற்றத்தால் டோர்ச் லைட்டுக்கு வேலை வந்தது, காவல்காரர் வாயை மூடி யோசிக்கத் தொடங்கினார்.

இரண்டாம் படியில் 'வேலை' என்று தள்ளி வைத்ததை எழுதச் சொன்னது எதற்கு என்று இப்போது தெரிந்திருக்கும். இந்த விதி எந்தப் பாடநூலிலிருந்தும் அவனுக்குக் கிடைத்திருக்காது.

6. மற்றவர் ஆடும்போது பேசாதீர்கள்

மூன்று பேருக்குக் கொடுங்கள்: உங்கள் வயதுத் தோழர் ஒருவர், விளையாட்டே ஆடாத ஒருவர், விடயம் தெரிந்த பெரியவர் ஒருவர். விதியை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு விலகி இருங்கள். அவர் பிழையாக ஆடினாலும் திருத்தாதீர்கள். எங்கே பிழைத்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிழை பெரும்பாலும் உங்கள் தாளில்தான் இருக்கும். விளையாட்டை வெளியிட்ட பிறகு ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய் விளக்கம் சொல்ல உங்களால் முடியாது.

எனக்கே இது கைவர நாளெடுத்தது. என் முதல் மட்டை விளையாட்டை ஆடியவர்கள் எல்லோரும் "நன்றாக இருக்கிறது" என்றார்கள். பக்கத்தில் இருந்து ஒவ்வொரு நகர்த்தலையும் நானே சொல்லிக் கொடுத்திருந்தேன், ஆடியது நான்.

'நன்றாக இருக்கிறது' என்பதை எழுதவே வேண்டாம். எப்போது முன்னால் சாய்ந்தார், எப்போது கைத்தொலைபேசியை எடுத்தார் என்பதை எழுதுங்கள்.

பையனின் பெரியப்பா பத்து நிமிடம் ஆடிவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "தம்பி, யானை நடக்கும்போது சத்தம் கேட்காது. தின்னும்போதுதான் கேட்கும்." அடுத்த வடிவத்தில், ஏற்கெனவே தின்ற கட்டத்துக்குள் யானை திரும்பிப் போனால் சத்தம் சொல்லத் தேவையில்லை என்று மாற்றினான். தின்று வெறுமையான கட்டங்கள் யானைக்கு மறைவிடமாகிவிட்டன. யானைக்காரருக்கும் அன்றுதான் ஆட்டம் பிடித்தது.

7. இனிக் கணினி

மட்டையில் அடுத்தடுத்து ஐந்து ஆட்டம் விதி மாறாமல் ஆடிய பிறகு வாருங்கள்.

உங்கள் வினை கதை சொல்வது, தெரிவு செய்வது என்றால் ட்வைன் (Twine) என்ற மென்பொருள் போதும். இலவசம், இணைய உலாவியிலேயே ஓடும். ஆனால் உலாவியில் எழுதினால் கதை அந்த உலாவிக்குள்தான் சேமிக்கப்படும். உலாவியில் சேமித்த தரவுகளை அழித்தால் கதையும் போகும். பொதுக் கணினியில் எழுதுகிறவர்கள் எழும்புமுன் கோப்பாக இறக்கிக்கொள்ளுங்கள்.

நகர்தல், கட்டம், சத்தம் என்றால் கோடோ (Godot) என்ற விளையாட்டு செய்யும் மென்பொருள். இதுவும் இலவசம், திறந்த மூலம். புதுத் திட்டம் தொடங்கும்போது படம் வரையும் முறையில் (Renderer) 'கம்பாட்டிபிலிட்டி' என்பதைத் தெரிவுசெய்யுங்கள். பழைய மடிக்கணினிகளில் அதுதான் தடங்கலின்றி ஓடும். நான்காம் பதிப்பு அல்லது அதற்குப் பின்னையதை எடுங்கள். மூன்றாம் பதிப்பில் தமிழ் எழுத்துகள் சரியாகக் கோத்து வராது. 'கொ' எழுதினால் கொம்பு இடம் மாறி நிற்கும்.

செய்யும் வரிசை: படமே இல்லாமல் முப்பத்தாறு சதுரம். யானை இரண்டு எண், அவ்வளவுதான். முதலில் யானை நிற்கும் சதுரத்தைச் சிவப்பாகக் காட்டியபடியே விதிகளை எழுதுங்கள். எல்லாம் சரியென்று கண்ட பிறகு மறையுங்கள். மறைத்து வைத்துக்கொண்டு பிழை தேடுவது இருட்டில் கறுப்புப் பூனை தேடுவது. படமும் நிறமும் கடைசி. யானையை வரைய ஒரு வாரம் செலவழித்தவர் அதன் பிறகு விதியை மாற்றத் துணிய மாட்டார்.

அடிக்கடி தடுக்கும் சில இடங்கள்:

பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து ஒட்டினால் திரையில் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். பாமினி ஒருங்குறி (யூனிகோட்) அல்ல. ஒருங்குறியில் எழுதி, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச எழுத்துருவைத் திட்டத்துக்குள்ளேயே வையுங்கள்.

சத்தத்தைக் கைத்தொலைபேசியில் நீங்களே பதிவு செய்யுங்கள். காய்ந்த சோளத்தட்டை முறித்தால் யானை தின்னும் சத்தம் கிட்டத்தட்ட வந்துவிடும். ஆனால் பல தொலைபேசிகள் எம்4ஏ ஆகச் சேமிக்கும், கோடோ அதை ஏற்காது. வேவ் அல்லது ஓக் ஆக மாற்றுங்கள். பையனின் விளையாட்டில் சத்தம் இடக்காதிலா வலக்காதிலா என்பதுதான் நெடுவரிசைக் குறிப்பு. ஆகவே காதணி ஒலிபெருக்கி கட்டாயம் என்று முதல் திரையிலேயே எழுதினான்.

கோப்புப் பெயர்களை ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி விடாமல் வையுங்கள். விண்டோஸ் பெரிய எழுத்து, சிறிய எழுத்தைப் பிரித்துப் பார்க்காது. வெளியிட்ட வடிவம் பார்க்கும். "என் கணினியில் படம் வந்தது, நண்பனுக்கு வரவில்லை" என்ற முறைப்பாட்டில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

வெளியிடும்போது இணைய வடிவமாக வெளியிடுங்கள். அண்ட்ராய்டுக்கு வேறு பல மென்பொருள் இறக்க வேண்டும். டேட்டா கார்ட் முடிந்துவிடும். விளையாட்டுகளை வெளியிடும் இட்ச் (itch.io) தளத்தில் ஏற்றுவதென்றால் முதன்மைக் கோப்பின் பெயர் 'index.html' என்று இருக்க வேண்டும், எல்லாவற்றையும் ஒரே சிப் கோப்பாகக் கட்ட வேண்டும்.

8. உங்களைப் பற்றிய பத்தி

படிப்புக்கு விண்ணப்பிக்கும்போதும் விளையாட்டை ஏற்றும்போதும் "உங்கள் ரசனைகள், பொழுதுபோக்குகள்" என்று கேட்பார்கள். இதைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம், முதலில் எழுதினால் பழைய பட்டியல்தான் வரும்.

மூன்று வாக்கியம் போதும்: எதைச் செய்கிறேன், அதில் எந்த இடம் என்னைப் பிடித்து வைக்கிறது, அது என் விளையாட்டில் எங்கே இருக்கிறது. பையன் எழுதியது: "துப்பறியும் கதையைப் பாதியில் மூடிக் குற்றவாளியை எழுதி வைப்பேன், பாதிக்கு மேல் பிழைக்கும். தை மாதம் வயல் காவலில் இருட்டுக்குக் காது கொடுத்திருப்பேன். இந்த விளையாட்டில் நீங்களும் அப்படித்தான் இருக்க வேண்டும்."

பிழைக்கும் என்று ஒப்புக்கொண்ட இடத்தை அழிக்கச் சொல்லி வீட்டில் வற்புறுத்தினார்களாம். அழிக்க வேண்டாம் என்றேன்.

கைத்தொலைபேசி எண்ணையும் வீட்டு முகவரியையும் பொதுப் பக்கத்தில் போடாதீர்கள். மின்னஞ்சல் போதும்.